பூமத்தியரேகைச் சடங்கு: எல்லாருக்கும் ஒரே வேடிக்கையா?
பூமத்தியரேகையைக் கடக்கும்போது புது மாலுமிகளுக்கு நடத்தும் சடங்கை பிரிட்டிஷ் கடற்படைதான் தொடங்கியது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1529-இல் பிரான்ஸின் தியெப் துறைமுகத்திலிருந்து சுமத்ராவுக்குப் போன பார்மான்தியே சகோதரர்களின் பயணக் குறிப்பிலேயே, ரேகையைத் தாண்டியபோது சுமார் 50 பேருக்கு வீரர் பட்டம் கொடுத்த செய்தி இருக்கிறது. கடல் தெய்வமான நெப்டியூனின் வேடமும் தார் பூசுவதும் அப்புறம் வந்து சேர்ந்தவை. "வெறும் விளையாட்டுதானே" என்று அந்தக் கட்டுரையின் கீழே ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். வசதி உள்ளவருக்கு விளையாட்டுதான். 1768 அக்டோபரில் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பலில் முதன்முறை கடப்பவர்களைக் கண்டறியத் தயாரித்த பட்டியலில் நாய், பூனையைக்கூட விடவில்லை! ஆனால் அதில் பயணம் செய்த செல்வந்தரான தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் தனக்கும் தன் ஆட்களுக்கும் நாய்களுக்கும் சேர்த்து பிராந்தி கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். தப்பிப்பதற்கு விலையாக வைத்த நாலு நாள் மதுப் பங்கை விட்டுக்கொடுக்காத மாலுமிகளைக் கயிற்றில் கட்டி, பாய்மரத்தின் குறுக்குக் கம்பத்திலிருந்து மூன்று முறை கடலுக்குள் முக்கினார்கள். சிலர் வீறாப்பாகச் சிரித்தார்கள், சிலருக்கு மூச்சே முட்டிவிட்டது. 1832-இல் பீகிள் கப்பலில் டார்வினுக்கும் கண்ணைக் கட்டி, முகத்தில் தாரும் பெயிண்டும் அப்பி, இரும்புப் பட்டையால் சுரண்டித் தண்ணீரில் தள்ளினார்கள். அவருக்கு நடந்தது குறைவு. மற்றவர்கள் வாயில் அசுத்தக் கலவையைத் திணித்தார்கள். நான் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். எங்களுக்குக் கிடைத்தது மீன் கழுவிய தண்ணீரும் பழைய கிரீஸும். கேப்டனுக்கு வேண்டப்பட்ட ஒரு பையனுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர். ரேகையைக் கடந்ததற்குக் கொடுத்த சான்றிதழில் என்னவோ அவனுக்கும் அதே வாசகம்தான்.