பாடும் கவ்பாயின் நிஜச் சண்டை

பாடும் கவ்பாய் என்றாலே வெஸ்டர்ன், அதாவது அமெரிக்கக் கவ்பாய் படங்களின் ரசிகர்களுக்கு ஒரு இளக்காரம். சட்டை முழுக்கப் பூவேலை, தொப்பியில் தூசி இருக்காது, வில்லன் ஆட்கள் துரத்திக்கொண்டு வரும்போதுகூட கிடாரை எடுத்துவிடுவார். 1930-களில் இந்த வகையை உச்சத்துக்குக் கொண்டுபோன ஜீன் ஆட்ரியையும் அந்தக் கணக்கில்தான் தள்ளிவிடுகிறார்கள். நடிப்பு சுமார்தான், மறுக்கவில்லை. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் கதாபாத்திரத்தின் பெயரே ஜீன் ஆட்ரி. பிறகு நடிக்க என்ன இருக்கிறது! ஆனால் சினிமா கம்பெனியோடு அவர் போட்ட சண்டை இருக்கிறதே, அதுதான் அவருடைய நிஜமான ஹீரோயிசம் என்பேன்.

1907-ல் டெக்சஸில் பிறந்தவர். ஓக்லஹோமாவில் ரயில்வே தந்தி ஆபரேட்டர் வேலை, பிறகு சிகாகோ ரேடியோ, இசைத்தட்டுகள். 1935-ல் 'தி ஃபாண்டம் எம்பயர்' என்று 12 பாகத் தொடர்படம். பூமிக்கு அடியில் ரகசிய நகரம், தகர டப்பா மாதிரி ரோபோக்கள், ஒரு மகாராணி. அத்தனையிலும் மாட்டிக்கொண்டு தப்பித்து, ஆட்ரி நேரத்துக்கு மேலே வந்து ரேடியோவில் பாடியாக வேண்டும். வராவிட்டால் ஒப்பந்தம் போச்சு! ராணியின் ஆட்களைவிட அந்த ஒப்பந்தம்தான் பெரிய வில்லன். அபத்தம்தான், ஆனால் பார்க்க அவ்வளவு ஜாலி.

அதே வருஷம் ரிபப்ளிக் என்ற சினிமா கம்பெனியில் ஹீரோ ஆனார். படங்கள் ஓடின. கம்பெனி என்ன செய்தது? ஆட்ரி படம் வேண்டுமென்றால் எங்கள் மற்ற படங்களையும் சேர்த்து எடு என்று தியேட்டர்காரர்கள் தலையில் கட்டியது. தன் பெயரை வைத்துச் சின்ன ஊர் தியேட்டர்களை நெருக்குவதும் ஆட்ரிக்குப் பிடிக்கவில்லை, தனக்குக் கிடைத்த சம்பளமும் போதவில்லை. 1938-ல் படப்பிடிப்புக்கு வராமல் நின்றுவிட்டார். கம்பெனி அசரவில்லை. லெனர்ட் ஸ்லை என்ற பாடகருக்கு ராய் ராஜர்ஸ் என்று பெயர் வைத்து ஹீரோவாக இறக்கியது. ஒருவரைப் பணியவைக்க இன்னொருவரை வளர்ப்பது! பிறகு சமரசமாகி ஆட்ரி திரும்பினார். ராஜர்ஸும் பெரிய நட்சத்திரமானார்.

1942-ல் ஆட்ரி ராணுவத்தில் சேர்ந்தார். போட்டோவுக்கு நிற்கிற வேலை அல்ல. சரக்கு விமானம் ஓட்டினார், இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குப் போகும் அந்த ஆபத்தான பாதையிலும். ஊர் திரும்பினால் கம்பெனி, 'போரில் இருந்த காலம் கணக்கில் வராது, ஒப்பந்தப்படி பாக்கி இருக்கும் படங்களை நடித்துக் கொடு' என்றது. கோர்ட்டுக்குப் போனார். 1947-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். கொலம்பியா சினிமா ஸ்டூடியோவுக்குப் போய்த் தன் சொந்தக் கம்பெனி பெயரில் படம் எடுத்தார். 1950-ல் டிவி தொடரும் சொந்தத் தயாரிப்புதான். பேஸ்பால் அணி வாங்கியதெல்லாம் அப்புறம்.

நாட்டுப்பற்று, நல்லொழுக்கம் என்று அவரைப் புகழ்கிறவர்கள் இந்தக் கோர்ட் கதையைத் தொடுவதே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

எல்லாவற்றிலும் ஜெயித்துவிடவில்லை. ரிபப்ளிக் தன்னிடமிருந்த பழைய ஆட்ரி படங்களை டிவி நேரத்துக்கு ஏற்பக் கத்தரித்து விற்கப் பார்த்தது. தடுக்க வழக்குப் போட்டார். அதே மாதிரி வழக்கை அதே கம்பெனி மீது ராய் ராஜர்ஸும் போட்டிருந்தார், யாருக்குப் போட்டியாகக் கொண்டுவந்தார்களோ அவரோடு ஒரே பக்கத்தில். 1954-ல் மேல்முறையீட்டில் இரண்டு பேருமே தோற்றார்கள்.