வரப்புத் தகராறும் சாத்தானின் தந்திரமும்

நம் பக்கத்துச் சபைகளில் பிசாசைப் பற்றிய பேச்சுக்குக் குறைவே இல்லை. மயிலாடுதுறையிலிருந்து நாகப்பட்டினம் வரை எந்த ஊர்ச் சுவரைப் பார்த்தாலும் பிசாசை விரட்டும் விடுதலைக் கூட்டம், உபவாச ஜெபம் என்று ஒரு சுவரொட்டி இருக்கும். குறுவை காய்ந்தால் பிசாசு, மாடு செத்தால் பிசாசு, மருமகள் வந்த நேரம் மாமனார் படுத்துவிட்டால் அதுவும் பிசாசு. சாத்தான் இருக்கிறான் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். நம்புவதால்தான் எழுதுகிறேன். நாம் அவனைத் தேடிப்போகிற இடம் ஒன்று, அவன் வேலை செய்கிற இடம் வேறு.

அவனுடைய தந்திரங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல என்று பவுல் எழுதிய வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். 2 கொரிந்தியர் 2:11. இதைச் சொல்லிவிட்டு மேடையில் அடுத்த நிமிடமே பில்லி, சூனியம், ஏவல் என்று போய்விடுகிறார்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் இருக்கிற ஐந்தாறு வசனங்களைப் படியுங்கள். அங்கே பேயும் இல்லை, சூனியமும் இல்லை. சபையில் ஒருவன் தப்பு செய்தான், தண்டனையும் வாங்கிவிட்டான். போதும், இனி மன்னித்து அவனுக்கு ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்கிறார் பவுல். சாத்தானிடம் மோசம்போவது என்று அவர் சொன்னது, மன்னிக்காமல் இருப்பதைத்தான். எபேசியர் நிருபத்திலும் இதே கதைதான். சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும் என்று சொன்ன கையோடு, பிசாசுக்கு இடம் கொடுக்காதீர்கள் என்கிறார்.

எரிச்சலோடு எத்தனை சூரியன் அஸ்தமித்திருக்கிறது நம் டெல்டாவில்! அப்பா கண்ணை மூடியதும் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை. வாய்க்காலை ஒட்டின வயல் யாருக்கு, போர்செட் யார் பங்கில், வரப்பில் நிற்கிற தென்னை யாருடையது. மேட்டூரில் தண்ணீர் திறந்து கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் மடை அடைப்பதில் ஒரு கைகலப்பு. அப்புறம் பேச்சு நின்றுவிடும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. சாவுக்கு வந்தாலும் தெருவோடு நின்று திரும்பிவிடுவார்கள். இவ்வளவும் வைத்துக்கொண்டு இருவரும் ஒரே ஆலயத்தில் ஆராதிப்பார்கள். திருவிருந்து நேரத்தில் பீடத்தண்டை ஒருவர் முழங்காலில் இருந்தால், அவர் எழுந்து போகும்வரை மற்றவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பிசாசின் கட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

இதைவிட நுட்பமான ஒரு வேலை அவனுக்கு உண்டு: வசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருவது. வனாந்தரச் சோதனையின்போது இயேசுவை எருசலேம் ஆலயத்தின் உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதி என்று சொன்னபோது 91ஆம் சங்கீதத்தை அவன்தான் எடுத்துக் காட்டினான். மத்தேயுவில் வைத்துப் பாருங்கள், ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற சொற்களை விட்டுவிட்டான். தேவன் காட்டிய வழியில் நடக்கிறவனுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்தை, குதிக்கிறவனுக்கு என்று மாற்றிவிட்டான். இன்றைக்கு விசுவாசத்தைக் காட்டுகிறேன் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்களும் அந்த உப்பரிகையில்தான் நிற்கிறார்கள். இயேசு அவனோடு பெரிய விவாதம் எதுவும் செய்யவில்லை. மூன்று தடவையும் உபாகமத்திலிருந்து ஒரு வசனம், அவ்வளவுதான். முழு வேதமும் தெரிந்தவரிடம் அரை வசனம் செல்லவில்லை.

நம் வீடுகளில் இந்த அரை வசனத்தால் அதிகம் ஏமாற்றப்படுகிறவர்கள் பெண்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் என்ன நடக்கிறது? “சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள், கோர்ட்டு கேஸு என்று போவது விசுவாசிக்கு அழகா அக்கா?” என்று பேசி, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பக்கத்தில் ஜெபம் பண்ணவும் ஒருவர் இருப்பார். மனதார விட்டுக்கொடுக்கிற அக்காக்கள் இருக்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். வசனத்தைக் காட்டிப் பயமுறுத்தி வாங்குவது வேறு. அதைச் செய்கிற தம்பி ஞாயிற்றுக்கிழமை பிசாசைக் கடிந்துகொண்டு ஜெபிப்பதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

மனுஷரைப் பிசாசு என்று சொல்வதையும் நிறுத்த வேண்டும். நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்று பவுல் தெளிவாகவே எழுதியிருக்கிறார். தூக்கம் இல்லாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு, சாப்பிட மறுக்கிற பெண்ணை முடியைப் பிடித்து உலுக்குவது எந்த வேதத்தில் இருக்கிறது? தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி கிடைக்கிறது. ஜெபமும் பண்ணுங்கள், பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டும் போங்கள்.

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறியது நம் மண்ணில்தான், 1715இல், அன்று டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில். அதை மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கினார். இரண்டு வருஷம் கழித்து அவரைக் கோட்டையில் அடைத்துவைத்தது யார்? பேயும் அல்ல, வேறு மதத்தாரும் அல்ல. ஞானஸ்நானம் பெற்ற டேனிஷ் தளபதி. அப்புறம் 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமை அறவே கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் பலர் ஜாதியை விடவில்லை, சபையை விட்டுப் போனார்கள். வெளியே இருந்து வந்த எதிர்ப்பைவிட அது நம்மை அதிகமாக உடைத்தது என்றே நினைக்கிறேன். இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் இன்னாருக்கு இந்தப் பக்கம் என்று இருக்கிறதே, அதற்கு எந்த விடுதலைக் கூட்டத்திலாவது ஜெபித்திருக்கிறோமா?

சரி, எதிர்த்து நிற்பது எப்படி? பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், ஓடிப்போவான் என்று யாக்கோபு சொல்வதற்கு முன்னால், தேவனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த அதிகாரம் தொடங்குவதே உங்களுக்குள்ளே சண்டை எதனாலே வந்தது என்ற கேள்வியோடுதான். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலும், தீமையினின்று இரட்சித்துக்கொள்ளும் என்று கேட்பதற்கு முன்பே, கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்று சொல்லிவிடுகிறோம். தினமும் சொல்கிறோம்.

குருவானவர்களிடமும் சபை மூப்பர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு இந்தச் சோதனைப் பாடத்தைத்தான் வாசிக்கிறோம். அடுத்த லெந்துக்கு வெளியூர்ப் பிரசங்கியாரையும் ஒலிபெருக்கியையும் ஏற்பாடு செய்வதற்கு முன், உங்கள் சபையில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகளுக்கு ஒரு சாயங்காலம் போய்வாருங்கள். முதலில் அண்ணன் வீடு, பிறகு தம்பி வீடு. நிலத் தகராறு என்றால் பட்டா, சிட்டா படிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கும் போன் போட்டு, அவள் பங்கைப் பற்றிக் கேளுங்கள்.