கியோட்டோ கேட்கிற காசு

ஜப்பானில் இருக்கிற கியோட்டோவுக்குப் போய்வந்தவர்கள் எழுதுகிற பதிவுகளில் கொஞ்ச நாளாக ஒரே பல்லவி. தங்கும் வரியை ஏற்றிவிட்டார்கள், பஸ் பாஸை நிறுத்திவிட்டார்கள், கியோன் என்கிற பழைய பேட்டையின் சந்துக்குள் நுழைந்தால் அபராதம், திரும்பின பக்கமெல்லாம் 'கூடாது' பலகை, வந்தவர்களை மதிக்கத் தெரியாத ஊர் என்று. என் நாத்தனார் அதில் ஒன்றை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "அண்ணி, நீங்க போயிட்டு வந்தீங்களே, நெஜமாவே இப்படித்தானா?" என்று கேட்டிருந்தாள். நிஜம்தான். ஆனால் என் கட்சி வேறு. அந்த ஊர் கேட்கிற காசும் போடுகிற கண்டிஷனும் நியாயம் என்பதுதான் என் கருத்து. நவம்பர் கடைசியில் குடும்பத்தோடு போனபோது அங்கே கழித்த கடைசி நாளை வைத்தே சொல்கிறேன். மற்ற நாட்களில் ஓடின ஓட்டத்தில் எதையும் நின்று பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கன்சாய் விமான நிலையத்துக்கு ரயில். பெட்டிகளை கியோட்டோ ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிட்டால் அதுவரைக்கும் நேரம் நம்முடையது. பெரியவன் அராஷியாமா மூங்கில் காடு என்றான், சின்னவள் கிமோனோ வாடகைக்கு எடுத்துப் படம் பிடிக்க வேண்டும் என்றாள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "இன்னிக்கு என்னால ஓட முடியாது." ஆக, ஊரின் கிழக்குப் பக்கம் மட்டும், முடிந்தவரை நடந்தே.

கியோமிசு கோயிலைக் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். நவம்பர் கடைசி என்றால் மேப்பிள் இலை சிவக்கிற சீசன். பத்து மணிக்கு மேல் போனால் நம் முகத்துக்கு முன்னால் அடுத்தவர் முதுகுதான் இருக்கும். விடிகிற நேரத்தில் போனதால் மலைச்சரிவின் மேல் நீட்டிக் கட்டின அந்தப் புகழ்பெற்ற மர மேடையில் எங்களையும் சேர்த்து இருபது முப்பது பேர்தான். கீழே 13 மீட்டர் பள்ளம். என் வீட்டுக்காரர் சிவில் இன்ஜினியர். இலையைப் பார்க்காமல் மேடைக்கு அடியில் போகிற பாதைக்கு இறங்கிப்போய் அண்ணாந்து நின்றுகொண்டார். ஒவ்வொரு தூணும் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். தூணைத் துளைத்து உத்தரங்களைக் குறுக்கே செருகி ஆப்பு அடித்திருக்கிறார்கள். ஆணி கிடையாது. உத்தரத்தின் முனைகளில் மழைத்தண்ணீர் இறங்காமல் சின்னச் சின்ன மரக்கூரை வேறு. "இதை வருஷா வருஷம் யாரோ ஏறிப் பாத்துக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா இது நிக்காது" என்றார்.

விஷயமே அதுதான். கோயில் தொடங்கிய வருஷம் 778 என்பார்கள். ஆனால் நாம் காலை வைக்கிற கட்டடம் 1633ல் எழுந்தது. அதற்கு முன்னால் திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது. ஹினோகி மரப்பட்டையை அடுக்கடுக்காக வேய்ந்த கூரையை மறுபடி வேய்ந்து முடித்தது 2020ல். மேடைப் பலகைகளையும் அந்தச் சமயத்தில்தான் மாற்றினார்கள். தூண்கள் செல்கோவா என்கிற மரம். அவற்றையும் ஒருநாள் மாற்ற வேண்டிவரும் என்று கோயில்காரர்களே மலைப்பக்கம் நிலம் வாங்கி மரக்கன்று நட்டு வளர்க்கிறார்கள். அந்தக் கன்று தூணாகிற அளவுக்குப் பருக்க நூற்றாண்டுகள் ஆகும். நட்டவன் பேரனுக்குப் பேரனுக்குக்கூட உதவாது.

கியோட்டோவை 'காலம் உறைந்த நகரம்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 1467ல் தொடங்கி பத்து வருஷம் நடந்த ஓனின் போரில் ஊரே சாம்பலானது. 1788 தீயில் மறுபடியும் பெரும்பகுதி போயிற்று. எல்லோரும் முண்டியடித்துப் படமெடுக்கிற தங்க மண்டபம் 1950ல் ஒரு இளம் பிட்சுவே கொளுத்தி எரிந்தது. இப்போது இருப்பது 1955ல் கட்டியது, என் பெரிய மாமாவைவிடச் சின்னது. 1945ல் அணுகுண்டுப் பட்டியலில் இந்த ஊர் பேரும் இருந்தது. அமெரிக்கப் போர் அமைச்சர் ஸ்டிம்சன் பிடிவாதமாகப் பட்டியலிலிருந்து பேரை நீக்கிவிட்டதால் தப்பியது. இத்தனைக்கும் பிறகு அது பழைய ஊராகத் தெரிகிறது என்றால், தலைமுறை தலைமுறையாக யாரோ செலவழித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மேடையிலிருந்து பார்த்தால் ஊர் தாழ்வாகப் பரந்து கிடக்கிறது. கியோட்டோ டவர் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது (1964ல் கட்டினது, அப்போதே ஏகப்பட்ட எதிர்ப்பு). இதுவும் தானாக அமைந்ததில்லை. 2007ல் நகர நிர்வாகம் நடு ஊரில் கட்டட உயரத்தை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்தது. உள்தெருக்களில் 15 மீட்டர்தான். மொட்டைமாடி விளம்பரப் பலகைக்குத் தடை, மின்னி மின்னி அணைகிற விளக்குப் பலகைக்கும் தடை. நம் கையில் ஒரு மனை இருந்து, ஐந்து மாடிக்கு மேல் எழுப்பாதே என்று கார்ப்பரேஷன் சொன்னால் எப்படி வலிக்கும்? அந்த வலியை உள்ளூர்க்காரன் தாங்குகிறான், நாம் போய் 'வாவ்' என்கிறோம்.

சன்னென்சாகா படிகளில் இறங்கும்போது கடைகள் இன்னும் திறக்கவில்லை. சின்னவளுக்குக் கிமோனோ கிடைக்காத கோபம், அது தனிக்கதை.

அங்கிருந்து இருபது நிமிஷ நடை, சஞ்சுசங்கென்தோ என்கிற புத்தர் கோயில். எங்கள் பயணத்தில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். வெளியே பார்த்தால் சாதாரணமான ஒரு நீளக் கட்டடம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கிட்டத்தட்ட 120 மீட்டர் நீளத்துக்கு ஆள் உயரத்தில் ஆயிரம் கன்னோன் (கருணைக்கான போதிசத்துவர்) சிலைகள், வரிசை வரிசையாக, படிக்கட்டு போல ஏறிப் பின்னால் இருட்டுக்குள் போகின்றன. நடுவில் பெரியதாக உட்கார்ந்த கோலத்தில் ஒன்று. அதைத் தாங்கெய் என்ற சிற்பி தன் 82ஆம் வயதில், 1254ல் முடித்தார். படம் எடுக்கக் கூடாது. அதனால் எல்லோருக்கும் கை சும்மா இருக்கிறது, கண்ணால் பார்க்கிறார்கள்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் ஸ்ரீரங்கம். சிலைகளுக்கு முன்னால் வரிசையாகக் காவல் தெய்வங்கள் 28. அதில் ஒன்றின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். பறவை முகம், முதுகில் சிறகு, வாயில் புல்லாங்குழல். "இது கருடாழ்வார் இல்லையோடி?" அவரேதான். பெருமாளுக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்தே பார்த்துப் பழகின ஆள் இங்கே நின்றுகொண்டு குழல் ஊதுகிறார். அப்புறம் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. இந்திரன், பிரம்மா, நாராயணன், கின்னரன் என்று ஒவ்வொன்றாக அறிவிப்பைப் படிக்கச் சொல்லிச் சொல்லி நகர்ந்தாள். எலும்பும் தோலுமாகக் கோலூன்றி நிற்கிற வசு முனிவர் முன்னால் ரொம்ப நேரம். நெஞ்செலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கண்ணில் பளிங்கு பதித்திருப்பதால் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. கன்னோன் என்று ஜப்பானில் கும்பிடுவது அவலோகிதேசுவரரை. அகத்தியர் தமிழ் கற்றதே அந்த அவலோகிதனிடம்தான் என்று நம் பழைய இலக்கண நூலான வீரசோழியம் சொல்கிறது. இதைப் பெரியவனிடம் சொன்னேன். "அப்போ இவர் நமக்குத் தமிழ் வாத்தியாரா?" என்றான். வாத்தியார் முன்னால் அன்றைக்கு ஒரு நாளாவது மொபைலைத் தொடாமல் நின்றான்.

இங்கேயும் அதே கதைதான். 1164ல் கட்டிய மண்டபம் 1249ல் எரிந்தது. தீயிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி மீட்ட சிலைகள் 124. மிச்சத்தை மறுபடி செதுக்கி, 1266ல் மண்டபத்தையும் எழுப்பினார்கள். நம் காலத்தில் 1973ல் தொடங்கி, வருஷத்துக்குக் கொஞ்சமாகச் சிலைகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, பெயர்ந்த தங்க ரேக்கை ஒட்டி, 2017ல்தான் கடைசிச் சிலையை முடித்தார்கள். 45 வருஷம்! வேலையைத் தொடங்கினவர்களில் எத்தனை பேர் முடித்ததைப் பார்த்திருப்பார்கள்? நுழைவுச்சீட்டு 600 யென். நம் காசுக்கு 350 ரூபாய் சுமார். மாலில் பாப்கார்ன் விலை.

சரி, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? கோயில்கள் தம் பங்கை வசூலித்துக்கொள்கின்றன. ஆனால் ஊரைச் சுத்தமாக வைப்பது, பஸ் ஓட்டுவது, குப்பை அள்ளுவது நகர நிர்வாகம். கோயில் நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு மாணவர்கள், அவர்களிடமும் பெரிதாக வரி பெயராது. மெட்ரோ கட்டின கடன் கழுத்தை நெரிக்கிறது. இப்படியே போனால் திவால்தான் என்று 2021ல் அப்போதைய மேயரே வாய்விட்டுச் சொன்னார். இதற்கு முன்னால் 1985ல், கோயிலுக்குள் போகிற ஆளுக்கு 50 யென் வரி என்று நகரம் கொண்டுவந்து பார்த்தது. பெரிய கோயில்கள் எல்லாம் கதவை இழுத்துச் சாத்திவிட்டன. 1988ல் அந்த வரியைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆகக் கடைசியில் கை வைத்தது தங்குகிறவன் மேல், 2018 முதல்.

நாங்கள் போனபோது ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 200 யென் கட்டினோம். 2026 மார்ச் முதல் எங்களைப் போன்ற நடுத்தர ஓட்டல்காரர்களுக்கு அது 400. பத்தாயிரம் யென் என்று எல்லோரும் அலறுகிறார்களே, அது ஆளுக்கு ராத்திரி வாடகை ஒரு லட்சம் யென்னுக்கு மேல் கொடுக்கிறவர்களுக்கு. ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு ஐம்பத்தைந்து அறுபதாயிரம் ரூபாய் கொடுக்கிறவர் மேற்கொண்டு ஐந்தாறாயிரத்துக்கு அழுவாரானால் அழட்டும். பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகளுக்கு வரி கிடையாது என்பதையும் இந்தப் புலம்பல் பதிவுகளில் யாரும் எழுதக் காணோம்.

கியோன் சந்து விஷயமும் அப்படித்தான். அபராதம் போடுவது பொதுத்தெருவில் இல்லை, தனியார் சந்துகளில். வேலைக்குப் போகிற கெய்ஷாவை (ஆடல் பாடல் கலைஞர்) வழிமறித்து, கிமோனோவைப் பிடித்து இழுத்துப் படம் எடுத்தால் அங்கே இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? நம் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கே வண்டியை விடவில்லை என்று சண்டைக்குப் போகிறவர்கள் நாம்.

எல்லாமே சரி என்று சொல்லவில்லை. மச்சியா என்கிற பழைய மர வீடுகள் 2016 கணக்குப்படி 40,000 சொச்சம் மிச்சம் இருந்தன. வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் இடிபடுகின்றன. தப்பித்ததிலும் பல காபிக்கடையாகவும் தங்கும் விடுதியாகவும் ஆகிவிட்டன. உயரக் கட்டுப்பாட்டால் வீட்டு விலை ஏறி, இளம் குடும்பங்கள் பக்கத்து ஷிகா பக்கம் குடிபோகின்றன என்பதும் உண்மை. வரியாக வாங்குகிற பணத்தில் ஒரு பங்காவது குடியிருக்கிறவர்களின் கூரைக்குப் போகாவிட்டால், கடைசியில் சுற்றுலாக்காரனுக்குச் சுற்றுலாக்காரனே வேடிக்கை. அங்கே நானும் கொடி பிடிப்பேன்.

மத்தியானம் கெய்ஹான் ரயிலில் ஏறி, ஆற்றைத் தாண்டி நிஷிகி சந்தை. 390 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு குறுகிய தெரு, மேலே கூரை. நடந்துகொண்டே தின்னாதீர்கள் என்று பலகை. வாங்கின கடை வாசலிலேயே நின்று தின்ன வேண்டும். அம்மா சைவம். ஜப்பானில் மீன் துருவல் போட்டுக் காய்ச்சின டாஷி என்கிற சாறு கலக்காத குழம்பைத் தேடுவது பெரும்பாடு. ஊறுகாய்க் கடையில்தான் முகம் மலர்ந்தது. மெல்லிசாகச் சீவின டர்னிப், ஷிசோ இலை போட்டு ஊதா நிறத்தில் ஊறின கத்தரிக்காய். ருசி பார்க்கக் கொடுத்த ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "நம்ம மாவடு ஊறின தண்ணி மாதிரி ஒரு புளிப்பு" என்றாள். கடைக்கார அம்மாளுக்குத் தமிழும் தெரியாது, எங்களுக்கு ஜப்பானியமும் வராது, ஆனாலும் இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் உப்பைப் பற்றித்தான் பேசினார்கள் என்று நான் சத்தியம் செய்வேன். அதிலும் மீன் சேர்ந்திருக்கிறதா என்று மொபைலில் மொழிபெயர்த்துக் கேட்டு, இல்லாத இரண்டு பாக்கெட்டைக் கையோடு வாங்கிக்கொண்டோம்.

நாத்தனாருக்கு நான் போட்ட பதில் இதுதான்: ஏப்ரலில் போகிறாய் என்றால் ஆளுக்கு ராத்திரிக்கு 400 யென் தனியாக எடுத்துவை. பெரிய பெட்டியோடு சிட்டி பஸ்ஸில் ஏறாதே. கியோமிசுவுக்கு ஆறரைக்குள் போய்விடு. உள்ளூர்க்காரனுக்கு ஒரு பஸ் கட்டணம், வெளியாளுக்கு ஒன்று என்றும் பேச்சு நடக்கிறது. அது வந்தாலும் நான் அவர்கள் பக்கம்தான். மறுக்கிறவர்கள் கீழே கமென்ட்டில் வரலாம், ஆனால் சஞ்சுசங்கென்தோவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.