15 விநாடி விதின்னு ஒண்ணு இல்ல

தம்பி, கல்லூரிக்கு எடுக்குற திகில் படத்துல அடுத்தவங்க பாட்டைச் சேர்க்குறதைப் பத்தி, "15 விநாடிக்குள்ள எடுத்தா காப்பிரைட் வராது, பழைய கீர்த்தனைன்னா முழுசாவே போட்டுக்கலாம்"னு மேல எழுதியிருக்கீங்க. ரெண்டும் தப்பு. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல இப்படி விநாடிக் கணக்கே கிடையாது. தியாகராஜர் மறைஞ்சது 1847ல. அவர் கீர்த்தனையை நீங்களே பாடிப் பதிவு பண்ணிக்கலாம். ஆனா இன்னொருத்தர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு, வெளியான அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம். கல்லூரிக்குள்ள போட்டுக் காட்டுறது வேற, யூடியூப்ல ஏத்துறது வேற.

அதுவும் திகில் படத்துக்கு, காரைக்குடியில இருந்துக்கிட்டு, அடுத்தவங்க சத்தம் எதுக்கு? கானாடுகாத்தான்ல ஒரு பழைய வீட்டுல, விடியக்காலை 4 மணிக்கு, பறவைங்க கத்துறதுக்கு முன்னாடி, தேக்குக் கதவோட குடுமிக்கு, அதாவது கதவு குழியில நின்னு சுழலுற முனைக்கு, ஒரு சாண் தள்ளி மைக்கை வச்சு மெதுவாத் திறந்தோம். குழியில குடுமி உரசி முனகுச்சு பாருங்க! அதைப் பாதி வேகத்துல ஓட விட்டா ஒரு ஸ்தாயி கீழ இறங்கும், அடிவயிறு கலங்கிடும். ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில வெறுங்காலோட நடக்குற சத்தத்தையும் எடுங்க, ஃபேனை மட்டும் நிறுத்திட்டு.