கொண்டல் என்று எழுதிய மாணவன்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கடலோர ஊர் ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் வளிமண்டலப் பாடம் முடிந்ததும் வைத்த தேர்வில், "பகலில் கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்றின் பெயர் என்ன?" என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவன் "கொண்டல்" என்று எழுதியிருந்தான். விடைக்குறிப்பில் "கடற்காற்று" என்று இருந்ததால் தவறென்று சுழித்துவிட்டேன். விடைத்தாளைக் கொடுத்த அன்று அவன் எழுந்து, "சார், எங்க அப்பா கொண்டல்னுதான் சொல்லுவாங்க" என்றான். எங்கள் கரைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் கொண்டல் என்பதே பெயர். நான் கேட்டதும் பெயரைத்தான். மதிப்பெண்ணைச் சேர்த்துக் கொடுத்தேன். ஆனால், நிலம் நீரைவிட விரைவாகச் சூடேறுவதால்தான் அந்தக் காற்று வீசுகிறது என்பது அவனுக்குத் தெரியுமா என்பதை என் கேள்வி கடைசிவரை கேட்கவே இல்லை.

கேள்வி தயாரிப்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்திறன் என்பதை நாம் இன்னும் ஏற்கவில்லை என்றே நினைக்கிறேன். பி.எட். படிக்கும்போது அடைவுத் தேர்வுப் பதிவேடு ஒன்று எழுதினோம். எந்தப் பகுதிக்கு எத்தனை வினா என்ற திட்ட வரைவு, ஒரு வினா எவ்வளவு கடினம் என்ற கடினநிலை, நன்றாகப் படிப்பவரையும் மற்றவரையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்ற பிரித்தறியும் திறன் எல்லாம் அதில் உண்டு. வேலைக்கு வந்தபின் எத்தனை பேர் அதைத் திரும்ப எடுத்தோம்? பாடத்தின் பின்பக்க வினாக்களையும் பழைய வினாத்தாளையும் சேர்த்துத் தைத்தால் தேர்வு ஆகிவிடுகிறது.

பணியிடைப் பயிற்சிகளிலும், சிந்தனைத் திறன்களை எளியதிலிருந்து கடினமானதுவரை அடுக்கும் கல்வியியலாளர் புளூமின் படிநிலைகளைத் திரையில் காட்டி விளக்குகிறார்கள். 1956-இல் வந்த அந்த வகைப்பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் ஆசிரியருக்கும், அதன்படி ஒரு வினாவை உட்கார்ந்து எழுத வாய்ப்பே தரப்படுவதில்லை. என்னைக் கேட்டால், பயிற்சிக்கு வருபவர் தாம் வைத்த வினாத்தாளையும் மாணவர் எழுதிய விடைத்தாள் கட்டையும் கையோடு கொண்டுவர வேண்டும். வினாவைச் சோதிக்க, மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் ஒப்பிடுவது வழக்கம். 40 பேர் வகுப்பில் அது ஏறக்குறைய 11 பேர். அதிக மதிப்பெண் பெற்ற 11 தாள்களையும் குறைந்த மதிப்பெண் பெற்ற 11 தாள்களையும் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வினாவாக எண்ணலாம். மேல் தாள்களில் 9 பேரும் கீழ்த் தாள்களில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசமான 6-ஐ 11-ஆல் வகுக்க 0.55 வரும். இதுதான் பிரித்தறியும் திறன்; இந்த அளவு இருந்தால் அந்த வினா தன் வேலையைச் செய்திருக்கிறது. நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாக எழுதியிருந்தால், வினாவிலோ விடைக்குறிப்பிலோ கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிள்ளையைக் குறைசொல்வது அதற்குப் பிறகுதான்.

நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் யாருமே தொடாத விடை ஒன்று கிடக்கும். அதுவும் இப்படி எண்ணும்போதுதான் கண்ணில் படும்.

அந்தக் கேள்வியை இப்போது மாற்றி எழுதியிருக்கிறேன்: "முற்பகலில் மணல் காலைச் சுடும்போது கடல்நீர் ஏன் அப்படிச் சுடுவதில்லை? அதனால் காற்று எத்திசையில் வீசும்?" பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சம்மதித்தால், அரையாண்டுத் தேர்வு முடிந்த முதல் சனிக்கிழமை, விடைத்தாள்களைக் கட்டி அலமாரியில் வைப்பதற்கு முன் ஒன்றாக உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். வர விரும்புவோர் உங்கள் வினாத்தாளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.