ஆண்டுகள் பொருந்தவில்லை

"ஓப்ரா எடுத்த தொடர்தான் லின்ட்சே லோகனை மீட்டது, அது முடிந்த கையோடு படத்துக்கு வந்திட்டா" என்று, அமெரிக்க நடிகை லின்ட்சேயைப் பற்றித் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் அலைவரிசையில் வந்த ஆவணத் தொடரை வைத்து அண்ணா ஒருவர் எழுதியிருக்கிறார். வெள்ளவத்தைப் பக்கமும் இதே கதைதான் ஓடுது, நெட்ஃபிளிக்ஸ்ல அவர் நடித்த நத்தார் படத்தைப் பார்த்த பிறகு இரண்டையும் முடிச்சுப் போட்டிட்டினம் போல.

நீதிமன்றம் விதித்த 90 நாள் போதை மறுவாழ்வுச் சிகிச்சையை லின்ட்சே 2013 ஜூலை இறுதியிலேயே முடித்துவிட்டார். அந்த எட்டுப் பகுதித் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது 2014 மார்ச்சில். கமரா வந்ததே சிகிச்சைக்குப் பிறகுதான். அதிலும் சீரான மீட்சியா காட்டுகினம்? படப்பிடிப்புக்கு வராமல் இழுத்தடிக்கிறதும், ஓப்ரா நேரில் வந்து கண்டிக்கிறதும் தொடரிலேயே இருக்கு. (எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான்.) இயக்கியது ஏமி ரைஸ், ஓப்ராவுடையது அலைவரிசை.

அதே வருஷம் லண்டனில் மேடை நாடகத்தில் நடித்தார், பிறகு டுபாயில் குடியேறினார். இடையில் சின்னச் சின்ன வேடங்கள். பெரிய அளவில் பேசப்பட்ட கதாநாயகி வேடம் அந்த நத்தார் படம்தான், 2022 நவம்பரில். தொடருக்கும் அதுக்கும் இடையில் எட்டு வருஷத்துக்கு மேல், அண்ணா. விளம்பரத் துண்டை விட்டிட்டு முழுத் தொடரையும் ஒருக்கா பாருங்கோ.