அது குடிதண்ணிக் குழாய்!

காலையில 11 மணிக்கு நடந்தது. இப்ப ராத்திரி 9. கை நடுக்கம் இன்னும் நிக்கல.

குடிதண்ணிக் குழாய்ல, வண்டியோட கக்கூஸ் கழிவை வெளியில விடுற ஹோஸைக் கழுவுறான் ஒரு மனுஷன். பட்டப்பகல்ல, வரிசையில நிக்கிற ஏழு வண்டிக்காரங்க பார்க்கப் பார்க்க.

ஆர்.வி.யிலேயே, அதாவது சமையல், படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்குற வண்டியிலேயே, குடும்பம் நடத்துறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல, வயிறு இந்நேரம் புரட்டியிருக்கும். ஆனாலும் எனக்குச் சொல்லித் தீர்க்கணும்.

ஞாயிற்றுக்கிழமை டம்ப் ஸ்டேஷன், அதான் வண்டிக் கழிவைக் கொட்டுற இடம், எப்படி இருக்கும்னு தெரியும்ல? 12 மணிக்குள்ள இடத்தைக் காலி பண்ணணும்னு அத்தனை பேரும் ஒரே நேரத்துல வந்து நிப்பாங்க. அரிசோனாவுல ஒரு முகாம். மூணு ராத்திரி தங்கினோம். கரண்ட் மட்டும் உண்டு, கழிவுக் குழாய் கிடையாது. அடுத்து நாங்க போக இருந்தது குவார்ட்ஸைட் பாலைவனம். செப்டம்பர் 15லேருந்து ஏப்ரல் 15 வரைக்கும் மாசக்கணக்குல தங்க அனுமதி தர்ற இடம். ஆனா நாம நிறுத்துற எடத்துல குழாய் இருக்காது. அதனால போறதுக்கு முன்னாடி கழிவைக் காலி பண்ணி, 60 காலன் நல்ல தண்ணியை நிரப்பிக்கிட்டுப் போகணும். ஒரு வாரம் ரெண்டு பேரும் குடிக்கிறது, சமைக்கிறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் அந்த 60 காலன்லதான்.

எங்களுக்கு முன்னாடி அந்த ஆள். பெரிய பிக்கப், பின்னாடி அது இழுத்துட்டு வர்ற வீட்டு வண்டி, பளபளன்னு புது ஃபிஃப்த் வீல். இறங்கினார், போன் பேசினார். பின்னாடி ஏழு வண்டி காத்திருக்கு, பேசி முடிச்சுட்டுத்தான் கையுறை மாட்டினார். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கலாம்.

முதல்ல சோப்புத் தண்ணி நிக்கிற கிரே டேங்கைத் திறந்தார். எனக்கு அங்கேயே பகீர்னுச்சு. கக்கூஸ் தண்ணி நிக்கிற பிளாக் டேங்கை முதல்ல திறந்து விடணும், பாத்திரம் கழுவின, குளிச்ச சோப்புத் தண்ணியை அப்புறம் விடணும். அப்பதான் அந்தச் சோப்புத் தண்ணியே ஹோஸை அலசிக் கொடுக்கும். வண்டி வாங்கின முதல் நாளே கத்துக்கிற பாடம் இது. இவர் தலைகீழாப் பண்ணினார். கடைசியில அந்த மூணு அங்குல ஹோஸ் முழுக்க என்ன ஒட்டிக்கிட்டு இருக்கும்? நான் சொல்லல, சாப்பிட்டுட்டு இருப்பீங்க.

பக்கத்துலயே அதைக் கழுவுறதுக்குன்னு ஒரு குழாய் இருக்கு. "குடிக்க உதவாது"ன்னு போர்டே போட்டிருக்கு. அதைத் திறந்தார். தண்ணி நூலா வந்துச்சு. ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும். பொறுக்கல. ஹோஸைத் தூக்கிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சார். வழியெல்லாம் சொட்டு சொட்டா ஒழுகுது. எங்க போறார்னு எனக்கு முதல்ல புரியவே இல்ல. குப்பைத் தொட்டிக்குப் போறார்னு நெனச்சேன். ஹோஸைத் தூக்கிப் போடப் போறார் போல, நல்ல மனுஷன்னு நெனச்சேன்!

நேரா குடிதண்ணிக் குழாய்க்குப் போனார். குடிதண்ணின்னு எழுதியிருக்கு. கழிவு ஹோஸ் படம் போட்டு, மேல சிவப்புக் கோடு அடிச்சிருக்கு. படிக்கத் தெரியாதவங்களுக்குக்கூடப் புரியும். அந்தக் குழாயோட வாயை ஹோஸுக்குள்ள அப்படியே சொருகினார். நாலு அங்குலம் உள்ள போயிருக்கும். அசிங்கத்தைத் தொட்ட அதே கையுறையோட குழாய்ப் பிடியைத் திருகினார். ஹோஸ் உப்பிச்சு, திணறிச்சு, உள்ள இருந்தது பழுப்பா எதுக்களிச்சுக் குழாய் மேலேயே கொட்டுச்சு. அதை அப்படியே வழிய விட்டுட்டு ஹோஸை ஆட்டிக்கிட்டு நிக்கிறார். ஆட்டுறார். திரும்பவும் ஆட்டுறார். இதை எழுதும்போதுகூட அந்தப் பழுப்புத் தண்ணி என் கண்ணுக்குள்ள நிக்குது.

இறங்கி ஓடினேன். முட்டி ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் நான் ஓடினது அதுதான் முதல் தடவை. "சார், சார், நிறுத்துங்க, அது குடிக்கிற தண்ணி!"ன்னு கத்தினேன். திரும்பிப் பார்த்துச் சொல்றார்: "தண்ணி வெளியிலதானே வருது, உள்ள ஒண்ணும் போகலையே."

உள்ள போக வேண்டாங்க. குழாய் வாயில ஒட்டினாலே போதுமே! அடுத்து வர்றவர் குடிதண்ணி பிடிக்கிற தன்னோட வெள்ளை ஹோஸை அந்த வாயிலதானே மாட்டுவார்? குழாய்ல தண்ணி அழுத்தம் திடீர்னு குறைஞ்சா வெளியில இருக்குறதை உள்ள இழுக்கும். அதைத் தடுக்கத்தான் குழாய்ல தடுப்பு வால்வு வெக்கிறாங்க. ஆனா அந்த வால்வு குழாயோட வாய் விளிம்பைக் கழுவாது, கைப்பிடியைக் கழுவாது. ஈ-கோலை, ஹெப்படைட்டிஸ் ஏ, நோரோவைரஸ் எல்லாம் பரவுறதே இந்த வழியிலதான். அதுலயும் நோரோவைரஸ் கையில தடவுற சானிடைசருக்கு லேசுல அசையாது, துளியூண்டு வயித்துக்குள்ள போனாலே படுக்க வெச்சிடும். இதையெல்லாம் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல மூச்சு வாங்கச் சொன்னேன்.

"டென்ஷன் ஆகாதீங்கம்மா"ன்னார். ஹோஸைச் சுருட்டினார். போயிட்டார். குழாயைத் துடைக்கக்கூட இல்ல.

முகாமைப் பார்த்துக்கிற அம்மாகிட்ட ஓடினேன். அவங்களும் எங்களை மாதிரி வண்டியிலேயே வாழற ரிட்டயர்டு ஆளுதான், என்னைவிட மூத்தவங்க. தங்க இடம் கொடுக்குறாங்கன்னு சம்பளமில்லாம அந்த வேலையைப் பண்றாங்க. ஒரு வாளியும் பிளீச் பாட்டிலும் எடுத்துக்கிட்டு வந்தாங்க. குழாயைத் தேய்ச்சுக்கிட்டே, "ஞாயிற்றுக்கிழமைன்னா யாராவது ஒருத்தர் இதைப் பண்ணாம இருக்குறதில்ல"ன்னாங்க.

ஞாயிற்றுக்கிழமைன்னா!

அப்பதான் எனக்கு உறைச்சது. மூணு நாள் முன்னாடி உள்ள வந்தப்ப நாங்க தண்ணி பிடிச்சதும் இதே குழாய்தான். அன்னிக்கு எங்களுக்கு முன்னாடி யார் வந்தாங்க, என்ன பண்ணிட்டுப் போனாங்கன்னு யாருக்குத் தெரியும்? அந்தத் தண்ணியிலதான் பல் தேய்ச்சோம். கொத்தமல்லியைப் பச்சையாக் கழுவித் துவையல் அரைச்சேன். எங்க வீட்டுக்காரர் மாத்திரை போட்டுக்கிட்டதும் அந்தத் தண்ணியிலதான்.

போன வருஷம் அவருக்கு நாலு நாள் வாந்தியும் வயித்துப்போக்கும். எதனாலன்னு டாக்டராலயே சொல்ல முடியல. சர்க்கரை இருக்குற மனுஷன். 32 அடி வண்டியில ஒரே ஒரு கக்கூஸ். நடு ராத்திரி பிளாக் டேங்க் நிரம்பிடுச்சுன்னு சிவப்பு விளக்கு எரியுது, பக்கத்துல டம்ப் பண்ண இடம் இல்ல. அவரைப் பின்னாடி படுக்க வெச்சுட்டு, இருட்டுல 40 மைல் நான் ஓட்டினேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்த பயத்தை அந்த ஆள் ஒரு நிமிஷம் பட்டிருந்தா அந்தக் குழாய்கிட்டயே போயிருக்க மாட்டார்.

குவார்ட்ஸைட் போகல. பக்கத்துல ஒரு தனியார் முகாம்ல 58 டாலர் கட்டி நிறுத்தியிருக்கோம். மிச்சம் இருந்த தண்ணியெல்லாம் வெளியில விட்டாச்சு. ஃபில்டரைக் கழட்டி வெச்சேன், உள்ள இருக்குற கரி குளோரினை உறிஞ்சிடும். 15 காலனுக்குக் கால் கப் கணக்குல, வாசனை சேர்க்காத பிளீச் ஒரு கப் ஊத்தி நல்ல தண்ணி டேங்கை நிரப்பி, சிங்க், ஷவர், கக்கூஸ் ஒவ்வொண்ணா பிளீச் வாடை வர்ற வரைக்கும் திறந்து விட்டோம். மொத்தம் நாலு மணி நேரம் ஊறணும். அப்புறம் காலி பண்ணணும், நிரப்பணும், வாடை போற வரைக்கும் திரும்பத் திரும்ப அலசணும். ஒரு மனுஷன் ரெண்டு நிமிஷம் பொறுக்காததுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள் பூரா தண்டனை அனுபவிக்கிறோம்.

இதுல எங்க வீட்டுக்காரர் இருக்காரே. அந்த ஆள் ஹோஸைச் சொருகினதை எனக்கு முன்னாடியே பார்த்துட்டார். ஸ்டியரிங்ல கையை வெச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கத்திட்டுத் திரும்பி வந்தா, "விடும்மா"ங்கறார். 41 வருஷமா இந்த ஒரே வார்த்தை. ராத்திரி பத்து மணிக்கு மேல பக்கத்து வண்டிக்காரன் ஜெனரேட்டர் ஓட்டினாலும் விடும்மா. வீட்டு முகவரின்னு எங்க தபால்பெட்டி நம்பரைக் கொடுத்தா பேங்க்காரங்க ஏத்துக்காம அலைய விட்டாலும் விடும்மா. வீட்டை வித்தப்ப அவரோட தம்பி, "கடைசி காலத்துல நாடோடியாப் போறீங்களா"ன்னு கேட்டானே, அப்பவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு விடும்மா. அன்னிக்கு எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

இப்பவும் பின்னாடி படுத்துக்கிட்டு, "இன்னுமா எழுதுற?"ன்னு கேக்கறார். ஆமாங்க, எழுதுறேன். பிளீச் ஊற இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு.